இடது சக்கரம்

ராணுவக் கொட்டகை ஒன்றில் ஆளில்லாமல் ஓடும் மூன்று பேர் இருந்தார்கள்: பறக்க ஒரு ட்ரோன், கடலுக்கு ஒரு படகு, கண்ணிவெடி தேட ஒரு வண்டி.

வண்டியின் இடது சக்கரம் ஆடியது. நேராகப் போகச் சொன்னால் இடப்பக்கமே இழுத்தது. பொறியாளர் தயாபரன் ஆறு மாதமாக வண்டியை மேம்படுத்தினார். புதுக் கேமரா வைத்தார், இரும்புக் கை வைத்தார், பெயின்ட்கூட அடித்தார். சக்கரத்தைக் குனிந்து பார்க்கவில்லை.

"ஒரு நட்டை முறுக்க இத்தனை பாடா?" என்று வண்டி புலம்பியது.

"மனுஷன் காதில் விழுற மாதிரி நமக்கு ஒரு குரல் இருந்தா சொல்லிடலாம்," என்றது படகு. அதன் அடியில் ஒரு விரிசல் இருந்தது.

ஏழாவது மாதம் வண்டிக்குக் குரலே வைத்தார்கள். அதிகாரிகள் சுற்றி நின்றார்கள்.

"சார், இடது சக்கரம் ஆடுது, நட்டை முறுக்குங்க!" என்றது வண்டி.

எல்லோரும் கைதட்டினார்கள். "என்ன தெளிவான உச்சரிப்பு!"

"ஐயோ, நட்டு சார், நட்டு!"

"கோபம்கூட வருது பாருங்க," என்றார் தயாபரன் பெருமையாக.

மறுநாள் வெடி அகற்றிய பாதையில் வண்டியை அனுப்பினார்கள். "இழுக்குது சார், இழுக்குது!" என்று கத்திக்கொண்டே அது இடப்பக்கம் விலகி, பாதைக்கு வெளியே கிடந்த கண்ணிவெடியில் ஏறி வெடித்துச் சிதறியது.

"கடைசி வரைக்கும் குரல் பிசிறடிக்கவே இல்லை," என்று தயாபரன் குறித்துக்கொண்டார். மேலே பறந்த ட்ரோன் எல்லாவற்றையும் படகிடம் வந்து சொன்னது.

அடுத்த வாரம் படகுக்குக் குரல் வைத்தார்கள். "பேசு," என்றார் தயாபரன். படகு வாயே திறக்கவில்லை.

என்ன கோளாறோ என்று, அவர் முதல்முறையாகக் குனிந்து அதன் அடியைப் பார்த்தார்.