சென்னியப்பனின் புல்லட்

எங்கள் பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்தில் செத்தாலும் யாரும் விலகுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையானால் இறந்த ஒவ்வொருவரின் குரலும் கைபேசியில் வந்து, தன் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லும். சம்பளமில்லாத செயலாளர் மாரண்ணன் உதைப்பார். சம்பளமில்லாத தலைவி கோகிலவாணி வண்டியருகே கைபேசியைப் பிடிப்பார்.

மாரண்ணனின் முட்டி தேய்ந்துவிட்டது. பதவியை விடுகிறேன் என்று வருஷம் முழுக்கச் சொல்கிறார். சென்னியப்பனுக்காகத்தான் விடவில்லை. பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். வண்டி தெருமுனையில் வரும்போதே சத்தத்தை வைத்துக் கோளாறைச் சொல்லித் திட்டுகிறவன். அவன் செத்த அன்றுகூட மாரண்ணன் அழவில்லை. சாயங்காலமே குரல் வந்துவிட்டது.

இன்று அவர் இறந்த வேறொருவரின் ஜாவா வண்டியை ஓடவிட்டிருந்தபோதே சென்னியப்பன் அழைத்தான். அவன் புல்லட்டை இனிமேல்தான் உதைக்க வேண்டும் என்று சொல்வதற்குள் குரல் முந்திக்கொண்டது.

“ஆகா! என்ற புல்லட்டு சத்தமே தனிதான் மாரா!”

மாரண்ணனும் கைபேசியைப் பிடித்திருந்த கோகிலவாணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“டேய், இது ஜாவாடா,” என்றார் மாரண்ணன். “நல்லாக் கேளு.”

“நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும் மாரா.”

சென்னியப்பன் ஒருநாளும் அவர் சொன்னதை ஒத்துக்கொண்டவனில்லை.

கோகிலவாணி அழைப்பைத் துண்டித்தார். “இனி எல்லாருக்கும் இந்த ஒரு வண்டியே போதுமுங்ணா. உங்க முட்டி தப்பிச்சுது.”

மாரண்ணன் தலையாட்டினார். புல்லட்டின் சீட்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். செத்த அன்று வராத அழுகை அப்போதுதான் வந்தது.