இலைப் பக்கத்துத் துரை

துரை தன் வெள்ளைத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அக்காவின் அடுப்பருகே வந்து நின்றான்.

இனிமேல் உன் பக்கம் வேலை பார்க்கிறேன், உனக்குக் கீழே எதைக் கொடுத்தாலும் செய்கிறேன் என்றான்.

அக்கா நிமிரவில்லை. கிண்டல் பண்ணுகிறான் என்றுதான் நினைத்தாள்.

அந்த ஓட்டலுக்கு ஒரே சமையலறை. நடுவில் நீளமாக ஒரு மேசை. அந்தப் பக்கம் ஐரோப்பியச் சமையல். அதற்கு அவள் கூடப்பிறந்த தம்பி தலைவன். துரை என்பது சக சமையல்காரர்கள் அவனுக்கு வைத்த பட்டம். இந்தப் பக்கம் ஆசியச் சமையல், அது அக்காவுடையது. அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எல்லோருக்குமே அவள் அக்காவாகிவிட்டிருந்தாள்.

அவன் பக்கத்தில் வெண்ணெய், பாலாடை, ஈரம் காயாத இலைக்கட்டுகள். அவள் பக்கத்தில் விதை, பட்டை, வேர், மொட்டு. எல்லாம் காய்ந்து சுருங்கியவை. சூடான எண்ணெயில் விழுந்த பிறகுதான் வாய் திறக்கும்.

உன் மசாலாவில் போட்டால் செருப்புகூட ருசிக்கும், அப்புறம் கறி எதற்கு என்பான் அவன். உன்னுடையது சாப்பாடா பத்தியமா என்பாள் இவள். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் இதே சண்டை. அம்மா கரண்டியால் மேசையைத் தட்டினால்தான் ஓயும்.

ஆனால் அவன் கைக்கு ஒரு மதிப்பு இருந்தது. தைம் இலைக்கட்டு வாசலுக்கு வரும்போதே, இது வாடினது, திருப்பி அனுப்பு என்று உள்ளேயிருந்து சொல்வான். ரோஸ்மேரி இலையை வெண்ணெயில் போட்டுவிட்டுக் கண்ணை மூடி நிற்பான். எப்போது எடுக்க வேண்டும் என்பதை அவன் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை, மணம்தான் சொல்லும்.

அன்று மதியம் அவன் சமைத்த தட்டு ஒன்று திரும்பி வந்திருந்தது. ரோஸ்மேரி கூடிப்போய் மருந்து மாதிரி கசக்கிறது என்று சாப்பிட்டவர் சொல்லியனுப்பியிருந்தார். அதற்கு முன் அவனுக்கு அப்படி நடந்ததில்லை. ரோஷக்காரன், அந்தக் கோபத்தில் வந்து நிற்கிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

போய் உன் வேலையைப் பார் என்றாள் அக்கா. அவன் நகரவில்லை.

சரி, என் சரக்கில் உனக்கு என்ன தெரியும் பார்க்கலாம் என்று அவனைக் கண்ணை மூடச் சொன்னாள். கிராம்புப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள்.

நாக்கு மரத்துப்போகிறது, கிராம்பு என்றான். மிளகு வைத்தாள். தொண்டையில் பிடிக்கிறது, மிளகு என்றான். சுக்கை, மெதுவாக ஏறுகிற சூடு என்றான். கடுகு விழுதுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதையும் சரியாகச் சொன்னான்.

எதுவும் தப்பில்லை. ஆனாலும் அவளுக்கு என்னவோ உறுத்தியது. மரத்தது, எரிந்தது, சுட்டது என்கிறான். ஒன்றுக்காவது மணம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

சீரகப் பொடியை வைத்தாள். அவன் நாக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். தெரியவில்லை, இன்னொரு சிட்டிகை வை என்றான்.

அக்கா மேசையைச் சுற்றிக்கொண்டு அவன் பக்கம் போனாள். ஒரு கொத்து தைம் எடுத்து வந்து விரலில் கசக்கி, அவன் மூக்குக்கு அடியில் நீட்டினாள். அந்த மணம் அவள் மூக்கிலேயே ஏறியது.

அவன் மூச்சை இழுத்தான். மறுபடியும் இழுத்தான். பிறகு கண்ணைத் திறந்து அவள் விரலைப் பார்த்துவிட்டு, தைம் என்றான்.

எத்தனை நாளாக என்று கேட்டாள். போன மாதம் படுத்தானே, அந்தக் காய்ச்சலிலிருந்து என்றான். இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"இலையெல்லாம் எனக்கு இப்ப வெறும் புல்லு, அக்கா. உன் பக்கத்துலதான் ஏதோ உறைக்குது."

அவள் எதுவும் சொல்வதற்குள் மேனேஜர் உள்ளே வந்துவிட்டார். துரைக்கு இந்தப் பக்கம் என்ன வேலை என்று கேட்டார். மூக்கு செத்த சமையல்காரனுக்கு எந்த ஓட்டலிலும் அடுப்பு கிடையாது. அக்காவுக்கும் தம்பிக்கும் அது தெரியும்.

துரை வாயைத் திறந்தான். அக்கா முந்திக்கொண்டாள். கை வலி தாங்கவில்லை, தனியாகச் சமாளிக்க முடியவில்லை, நான்தான் கூப்பிட்டேன் என்றாள்.

மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. அவரும் ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருந்தாராம். நாளையிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் துரையே தலைவனாக இருக்கட்டும், கை முடியாதவள் அவனுக்குக் கீழே இருந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றார்.

தம்பி பதறிப்போய் ஏதோ சொல்ல வந்தான். மேசைக்கு அடியில் அக்கா அவன் காலை அழுத்தி மிதித்தாள்.

"சரிங்க" என்றாள்.

இப்போதெல்லாம் எந்தப் பாத்திரம் இறங்குவதானாலும் அவள் கரண்டியோடு தம்பியிடம் போய் நிற்கிறாள். ராணி மாதிரி இருந்தவள், சொந்த அடுப்பிலேயே உத்தரவு கேட்டு நிற்கிறாளே என்று மற்றவர்கள் சிரித்துக்கொள்கிறார்கள்.

வெண்ணெய் வாசம் அடங்கிவிட்டது, ரோஸ்மேரி இப்போதுதான் மேலே வருகிறது, இன்னும் கொஞ்சம் பொறு என்று அவள் உதடு அசையாமல் சொல்வது அவர்களுக்குக் கேட்பதில்லை.

அவன் தலை குனிந்து கேட்டுக்கொள்கிறான். அவள் போதும் என்றதும், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, இறக்கலாம் என்கிறான்.