அசல் கார்டு

பதிவு அட்டை இல்லாத எலெக்ட்ரீஷியனை உள்ளே விடுவது எமனுக்கே கதவைத் திறப்பதற்குச் சமம் என்பது அந்த வீட்டுக்காரரின் கொள்கை. காலையில் குளியலறை ஹீட்டர் மனைவிக்கு ஷாக் அடித்தும் கொள்கை அசையவில்லை.

"முதல்ல கார்டைக் காட்டு."

வந்த எலெக்ட்ரீஷியன் நீட்டினார். வீட்டுக்காரர் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடிவரை படித்தார்.

"வேலை தெரியுமான்னு யாராச்சும் சோதிச்சாங்களா?"

"இல்ல சார். விண்ணப்பம் போட்டேன், தபால்ல வந்துருச்சு."

"அப்படின்னா ஹீட்டரைத் தொடாதே. போயிட்டு வா."

அவர் போனதும் மனைவி பொரிந்தாள். "கார்டு இருந்தா கண்ணை மூடிட்டு நம்பலாம்னு ஊர் பூரா சொல்றது நீங்கதானே! அது என்ன, போலியா?"

"அசல்தான்."

"எப்படிங்க தெரியும்?"

"அதுல இருக்கற கையெழுத்து என்னோடது."