இன்பனின் சுத்தமான பட்டை

பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது ஜாதகத்தோடு வீட்டிலுள்ள எல்லோருடைய உடல்நலக் கைப்பட்டைப் பதிவையும் கேட்பது இப்போது வழக்கம். உடம்பில் கஞ்சா ஏறினால் பட்டை அன்றைக்கே குறித்துவிடும். அதனால் கஞ்சா பழகிய மகன் இன்பனின் பட்டையையும் ஆறு மாதம் நானே கட்டிக்கொண்டேன். இரண்டு பட்டைகளை மறைக்க, சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை. மகள் கல்யாணம் ஜோராக நடந்தது.

நேற்று இன்பனே வந்து நின்றான். "முடியலப்பா. எங்கயாவது சேத்து விடுங்க."

பட்டையை அவன் கையில் மாட்டி, மறுவாழ்வு மையத்துக்கு ஓடினேன். வரவேற்பிலிருந்த அம்மா பதிவைப் பார்த்துச் சிரித்தார். "ஆறு மாசமா தொட்டதே இல்லையே சார்! சர்க்கரைதான் கொஞ்சம் அதிகம்."

"சர்க்கரை என்னோடதும்மா. கட்டியிருந்தது நான்."

சிரிப்பு நின்றது. "அப்போ இது செல்லாது சார். அவர் கையிலயே மூணு மாசம் பதிவாகணும். அதுக்கு முன்னாடி படுக்கையை மெஷின் ஒதுக்காது."

இன்பன் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன்.

"இன்னிக்கு வரணும்னு தோணுச்சு," என்றான் இன்பன். "மூணு மாசம் கழிச்சும் தோணுமாப்பா?"