ஏறாத முள்

முள் ஏறுவேனா என்று அடம்பிடித்தது.

அடுப்பின் மூடியில் பதித்திருந்த சூடுகாட்டியை வெல்டர் விரலால் தட்டிப் பார்த்தான். ஒரு மரியாதைக்குக்கூட அது அசையவில்லை.

பழைய எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி அவனே பற்றவைத்துச் செய்த புகையடுப்பு. அடியில் கரி, நடுவில் ஒரு தட்டு, அதற்கு மேல் கம்பி வலை. கரி போடப் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு. வலையின் மேல் முழு வான்கோழி ஒன்று கால்களைக் கட்டிக்கொண்டு சொகுசாகப் படுத்திருந்தது. காலையில் வைத்தபோது எப்படி வெளுத்திருந்ததோ, ஏறக்குறைய அப்படியேதான் இப்போதும்.

இன்றைக்குப் பார்த்தா இப்படி என்று அவனுக்கு அழுகையே வந்தது.

ராத்திரி வேலை முடிந்து நேராக வந்து அடுப்பு மூட்டியவன். கண் எரிந்தது. இடுப்பு விட்டுப்போயிருந்தது. சாய ஒரு சுவர் கிடைத்தால் நின்றபடியே தூங்கிவிடுவான்.

கூடத்தில் மாப்பிள்ளை காத்திருந்தார். தங்கையின் கணவர். போன மழைக்காலத்தில் ஒரே ஒரு பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டவளைத் திரும்ப அழைத்துப்போக வந்திருக்கிறார். அதே பையைக் கட்டி வாசலில் வைத்தாகிவிட்டது.

அவள் ஏன் வந்தாள் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வந்த புதிதில் தெருவில் வண்டிச் சத்தம் கேட்டாலே பின்பக்கம் போய்விடுவாள். அதைப் பார்த்தான்தான். பார்த்துவிட்டு வேலைக்குப் போனான்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஃபோன் போட்டுப் போட்டுக் கேட்டார்கள். பதில் சொல்லி வாய் வலித்துப்போய், கடைசியில் அவனே மாப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசி முடித்தான். தங்கையிடம் சொன்னபோது அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையே சரி என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினான்.

"மச்சான், சாப்பிட்ட கையோட கிளம்பிடறோம். இருட்டறதுக்குள்ள வீடு போய்ச் சேரணும்" என்று மாப்பிள்ளை உள்ளிருந்தே குரல் கொடுத்தார். வந்ததிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். வரவர அதில் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

அதற்காகத்தானே நெருப்பைக் கூட்டி வைத்தது. மிதமான சூட்டில் விட்டால் பொழுது சாய்ந்துவிடும். கரியை அள்ளிப் போட்டு, காற்றுத் துளைகளை எல்லாம் திறந்துவிட்டால் மத்தியானத்துக்கே தோல் மொறுமொறுவென்று ஆகிவிடும். அவன் கணக்கு சரிதான். முள்தான் ஒத்துவரவில்லை.

கொட்டகைக்குப் போய் இன்னொரு வாளி கரி அள்ளி வந்தான். திரும்பும்போது தங்கை பூவாளியும் கையுமாக எதிரே போனாள். காலையிலிருந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறாள். கூடத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போகப்போகிறவள் செடிகளிடம் சொல்லிக்கொள்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தான்.

கரியைப் போட்டான். அட்டையால் விசிறினான். ஈரக் கரியைத் தலையில் கட்டிவிட்டான் பாவி என்று கடைக்காரனை மனதாரத் திட்டினான். குனிந்து பார்த்தால் கரி செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்தது. கடைக்காரன் மேல் தப்பில்லை.

பொறுமை போய் மூடியைத் தூக்கினான்.

குப்பென்று முகத்தில் அடித்தது புகை இல்லை, நீராவி. மூக்குக்கண்ணாடி முழுவதும் வெளுத்துப்போயிற்று.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கனத்த துணியால் வலையைப் பிடித்துக் கோழியோடு ஒரு பக்கமாகத் தூக்கினான்.

நடுத்தட்டில் தண்ணீர். விளிம்பு வரைக்கும்.

காலையில் அந்தத் தட்டுக்கு அலுமினியத் தாள் சுற்றிக் கொடுத்தவள் தங்கைதான். இதில் தண்ணீர் ஊற்ற வேண்டாமா என்று கேட்டாள். ஊற்றினால் சூடு ஏறாது, சாயங்காலமானாலும் வேகாது, கொழுப்பு ஒழுகிப் பிடிக்கத்தான் தட்டு, காலியாகவே இருக்கட்டும் என்று அவன் விளக்கமாகச் சொன்னான். அவள் தலையாட்டிக்கொண்டாள்.

காலையில் ஒரு தடவை ஊற்றியதோடு விட்டிருந்தால், இத்தனை நெருப்பில் எப்போதோ வற்றியிருக்கும்.

சுவரோரமாக இருந்த பூந்தொட்டிகளைத் திரும்பிப் பார்த்தான். மண் காய்ந்து வெடித்துக் கிடந்தது.

வலையை மெதுவாக இறக்கி வைத்தான். கூடப் பிறந்தவள், போகமாட்டேன் என்கிற ஒரு வார்த்தையை இப்படிப் பூவாளியில் கொண்டுவந்து ஊற்றும்படி விட்டுவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

பிறகு காற்றுத் துளைகளை ஒவ்வொன்றாக அடைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி முன்பக்கம் வந்தான். வாசலில் இருந்த பையை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தான். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார்.

"கோழி இன்னைக்கு வேகாது மாப்ள. நீங்க கிளம்புங்க."

பின்பக்கத்தில் பூவாளியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.