மூழ்கிப் படிக்கிறவர்

"புஸ்தகத்தைக் கையில எடுத்தா மனுஷன் அப்படியே மூழ்கிடுவார்" என்று கணவரைப் பற்றித் தங்கையிடம் சொல்லிச் சிரிப்பாள். கூப்பிட்டால் காதில் விழாது.

முதலில் சட்டைக் காலர்தான் ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்தாள். பிறகு, படித்துவிட்டு நிமிரும்போதெல்லாம் தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. புத்தகம் மட்டும் காய்ந்தே இருந்தது.

"படிச்சது போதுங்க. உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"இந்த ஒரு அத்தியாயம்தான்" என்று இருமினார்.

வேறென்ன செய்வது? நாற்காலியின் முதுகில் ஒரு துண்டைப் போட்டு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடக் கூப்பிட வந்தபோது நாற்காலியில் ஆள் இல்லை. கீழே செருப்பு கிடந்தது. மேலே புத்தகம், படித்த பக்கத்தில் விரிந்தபடி. வாசல் கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது.

பின்னால் வந்த மகள் அழ ஆரம்பித்தாள்.

பள்ளிக்கூடத்தோடு புத்தகத்துக்குக் கும்பிடு போட்டிருந்த அம்மா, அந்த நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். இரண்டாவது வரியிலேயே கணுக்கால் சில்லிட்டது.

"அழாதடி. அப்பாவைக் கூட்டிட்டு வரேன். நீ போய் இன்னொரு துண்டு எடுத்து வை."