சத்தமே வரலையே!

“நிறுத்துங்க! டீச்சர், உங்ககிட்டேர்ந்து சத்தமே வரலையே. சும்மா நிக்கவா வந்தீங்க?”

கிறிஸ்துமஸ் பாட்டுக்குழுவின் மாஸ்டர் குச்சியால் மேஜையைத் தட்டினார். போன வாரம்தான் குழுவில் சேர்ந்த டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் தொண்டை கிழியத்தான் பாடிக்கொண்டிருந்தாள். வாயை மட்டும் கொஞ்சமாகத் திறப்பாள், அது அவள் வழக்கம்.

“பாடிட்டுத்தான் சார் இருக்கேன்.”

“பொய் வேற! என்ன பாட்டு இது? தனக்குன்னு வெச்சிருந்த ஒரே ரொட்டியை வாசல்ல நிக்கிறவனுக்குக் குடுக்கிற பாட்டு. மூஞ்சில கொஞ்சமாவது இரக்கம் தெரியுதா?”

இரக்கத்தைப் பற்றி யார் பேசுவது என்று ஒரு விவஸ்தை இல்லையா? வந்த ஒரு மணி நேரத்தில் மூன்று பேரை அழ வைத்திருந்தார் மனிதர்.

மறுபடி ஆரம்பித்தார்கள். மாஸ்டர் கையை வீசு வீசென்று வீசினார். அவரை யாரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் முன்வரிசை பேக்கரிக்காரரின் தாளம் போடும் காலிலேயே இருந்தது. இந்த முகத்தைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டாள் டீச்சர்.

“நாளைக்கும் இப்படியே நின்னா, கிறிஸ்துமஸ் அன்னிக்கு நீங்க வரவே வேண்டாம்” என்று அவளிடம் எரிந்து விழுந்துவிட்டுப் போனார் மாஸ்டர்.

அவர் தலை மறைந்ததும் டீச்சர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். மாஸ்டரை மாற்றச் சொல்லிக் கமிட்டிக்கு மனு. “நாலு கையெழுத்து போதும். நாளைக்கே அனுப்பிடுவாங்க.”

ஒருவரும் பேனாவைத் தொடவில்லை.

“வேண்டாம்மா” என்றார் ஆர்கன் வாசிக்கும் அம்மாள். “சம்சாரமும் போய்ட்டாங்க. இதையும் பிடுங்கிட்டா அவருக்குன்னு ஒண்ணுமே இல்ல. பாவம்.”

“பாவமா? அந்தச் சிடுமூஞ்சியா?” டீச்சர் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும். “பாடுறது இரக்கத்தைப் பத்தி, பண்றது மனுஷங்களைக் கடிச்சுக் குதறுறது! அவருக்குப் பாட்டும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது!”

எல்லாரும் அவளுக்குப் பின்னால் பார்த்தார்கள். அவளும் திரும்பினாள்.

இரண்டே அடி தூரத்தில் மாஸ்டர். மறந்து வைத்துவிட்டுப் போன மஃப்ளரை நாற்காலியிலிருந்து எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“இன்னும் கிளம்பலையா நீங்க எல்லாம்?” என்று உறுமிவிட்டு நடந்தார் அவர்.

“ஐயோ, அத்தனையும் கேட்டுட்டாரே!”

ஆர்கன் அம்மாள் மனுவை வாங்கி நாலாகக் கிழித்தார்.

“கேக்கல. அவருக்குக் காது போய் மூணு வருஷமாச்சு. வாயசைவைப் பார்த்துத்தான் சமாளிக்கிறார். எங்களுக்குத் தெரியும்கிறது அவருக்குத் தெரியாது. நாளைலேர்ந்து நீயும் கொஞ்சம் வாயை நல்லாத் திறந்து பாடும்மா.”